சிங்கப்பூர்க் கத்தியும் கன்னியம்மாவும்

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு கத்தி செத்துப்போனது.

கத்திக்கு ஏது சாவு என்று கேட்காதீர்கள். அதன் பெயரே சர்வைவல் கத்தி. காட்டில் மாட்டிக்கொண்டாலும் சரி, கடலில் மாட்டிக்கொண்டாலும் சரி, மலையில் மாட்டிக்கொண்டாலும் சரி... மனிதன் உயிர் பிழைக்க அது ஒன்று போதுமாம். அட்டைப்பெட்டி மேல் அப்படித்தான் போட்டிருந்தது. மரக்காணத்தில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று மட்டும் போடவில்லை. பாவம், எங்கள் ஊரில் அது ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

கொண்டுவந்தவன் என் தம்பி சேகர். கிளியனூரில் பிறந்து, சிங்கப்பூரில் ஏதோ ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறான். லீவில் வந்தவன் எனக்கு சென்ட் பாட்டில், என் வீட்டுக்காரருக்குச் சட்டை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைசியாக பெல்ட்டிலிருந்து இந்தக் கத்தியை உருவினான். அதை உருவிய விதத்தைப் பார்க்க வேண்டுமே... ஏதோ யானையை அடக்கப் போகிறவன் மாதிரி!

சும்மா சொல்லக்கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. கண்ணாடி மாதிரி பளபளப்பு. ஒரு பக்கம் கூர், மறுபக்கம் ரம்பம் மாதிரி பல். கைப்பிடி உள்ளே வெறும் குழாய். அதன் அடியில் இருக்கிற மூடியைத் திருகினால் உள்ளேயிருந்து தீக்குச்சி, தூண்டில் முள், ஊசி நூல், கொஞ்சம் கம்பி என்று ஒவ்வொன்றாக வருகிறது. மூடி மேலேயே ஒரு காம்பஸ். உறையில் சோடா பாட்டில் திறக்க ஓட்டை. இவ்வளவையும் கத்தியில் வைத்தவன், வெட்டுவதை எங்கே வைத்தான் என்று கேட்கத்தான் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் என் நாத்தனார் கன்னியம்மா உள்ளே வந்தாள்.

பேப்பரில் வாராவாரம் நான் எழுதுகிற இந்தப் பத்தியில் கன்னியம்மாவைப் பற்றி இதுவரை எழுதியதில்லை. அவளே கோபித்துக்கொண்டிருக்கிறாள். “ஊர்ல இருக்கிற நாய், பூனை, கரண்ட்டு கம்பம் எல்லாத்தையும் எழுதுற, என்னை மட்டும் உன் கண்ணுக்குத் தெரியல இல்ல அண்ணி?” என்று. என் வீட்டுக்காரரின் தங்கை. உப்பளத்தில் நிற்கிறவள். அடக்கம் ஒடுக்கம் என்று பெண்களுக்குச் சொல்கிறார்களே, அதெல்லாம் அவள் வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை. தான் செய்ததை நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொல்லுவாள். ஒருவர் காதில் விழவில்லை என்று தெரிந்தால் திரும்பவும் சொல்லுவாள்.

சொல்லிக்கொள்ள அவளுக்கு விஷயமும் இருக்கிறது. சுனாமி வந்து போன பிறகு உப்பளத்தில் ஒரு பக்கம் முழுக்கச் சேறு. பழைய குத்தகைக்காரர் ‘இனி இது தேறாது’ என்று கைகழுவிவிட்டுப் போய்விட்டார். அதைப் போய் எடுத்தாள் கன்னியம்மா. அதுவரை கூலிக்கு நின்றவள். அவள் புருஷன் ஏழுமலை ஆரோவில்லில் கொத்தனார் வேலைக்குப் போகிறவர். அவரே தலையில் அடித்துக்கொண்டார். அவள் கேட்கவில்லை. சேற்றை வாரிக் கொட்டி, வரப்பு கட்டி, பாத்தியை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தி, தண்ணீர் கட்டினாள். உப்பு விளைந்தது. வெள்ளை வெளேர் என்று விளைந்தது.

அதைக் கரையில் குவித்து வைத்திருந்தாள். உப்பு அம்பாரம் என்போம். அதை விற்றுத்தான் குத்தகைப் பணம் கட்ட வேண்டும். அந்த அம்பாரம் நின்றால்தான் அடுத்த வருஷமும் பாத்தி அவள் கையில். கரைந்தால்... மறுபடி அடுத்தவர் பாத்தியில் கூலிக்கு நிற்க வேண்டியதுதான். இது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஊர் கொஞ்சம் ஆவலாகவே பார்த்துக்கொண்டிருந்தது.

சரி, கத்திக்கு வருகிறேன்.

கன்னியம்மா கத்தியை வாங்கிப் பார்க்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு எட்ட நின்றே பார்த்தாள். சேகர் ஒவ்வொன்றாக விளக்கினான். காம்பஸுக்கு வந்தான்.

“இது எதுக்குப்பா?”

“திசை தெரியறதுக்குக்கா. வழி தவறிட்டோம்னு வெச்சுக்கங்க, கிழக்கு எதுன்னு இது காட்டிடும்.”

“கிழக்கு எதுன்னு தெரியலன்னா கத்தியப் பாக்கணுமா? ஏம்பா, அம்மாம் பெரிய கடலு எதுக்கு இருக்குது?”

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சேகரின் முகம் சுருங்கியது. அப்புறம் அவளுடைய இடுப்பைப் பார்த்தான். அங்கே அவளுடைய கத்தி செருகியிருந்தது. கறுப்புக் கத்தி. கைப்பிடியிலிருந்து நேராகப் போய் முனையில் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். பக்கத்து ஊர் பிரம்மதேசத்துக் கொல்லர் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துக் கொடுத்தது. பளபளப்பு கிளபளப்பு எதுவும் கிடையாது. கூர் இருக்கிற ஓரம் மட்டும் மெல்லிய வெள்ளிக்கோடாகத் தெரியும்.

சேகருக்கு இரக்கம் வந்துவிட்டது. அதுதான் அவன் செய்த தப்பு.

“இதை வெச்சிக்கிட்டா வேலை செய்றீங்க? இந்தாங்கக்கா, நீங்களே இதை வெச்சுக்கங்க” என்று சர்வைவல் கத்தியை அவளிடம் நீட்டினான். உண்மையிலேயே ஆசையாகத்தான் கொடுத்தான். என் தம்பி கஞ்சன் இல்லை.

கன்னியம்மா ஒரு அடி பின்னால் போனாள். “கீழ வை.”

“புடிங்கக்கா.”

“கீழ வைப்பா, எடுத்துக்கிறேன்.”

உங்களில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்கும். எங்கள் பக்கத்தில் கத்தியைக் கையில் கொடுக்க மாட்டோம், கையில் வாங்கவும் மாட்டோம். சண்டை வரும். கீழே வைக்க வேண்டும், வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். உப்புக்கும் அதே சட்டம்தான். லோடு லோடாக உப்பு அள்ளுகிற ஊரில், சாப்பிடும்போது ஒரு சிட்டிகை உப்பு கேட்டால் கையில் போட மாட்டார்கள்... கிண்ணத்தை நகர்த்தி வைப்பார்கள்.

கிளியனூரிலும் இதே வழக்கம்தான். ஆனால் சேகர் சிங்கப்பூரில் இதையெல்லாம் மறந்துவிட்டான். சபையில் அவமானப்படுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டான். “அவ்ளோ தூரத்துலேருந்து தூக்கிட்டு வந்து கையில கொடுத்தா, தரையில போடச் சொல்றாங்க பாருக்கா” என்று என்னிடம் பொருமிவிட்டு, கத்தியைத் திரும்பவும் பெல்ட்டில் செருகிக்கொண்டான்.

ஆக, கையில் கொடுக்காமலேயே சண்டை வந்துவிட்டது!

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. எனக்குத்தான் மண்டைக்குடைச்சல். ஒருபக்கம் கூடப்பிறந்தவன், மறுபக்கம் நாத்தனார். நாத்தனாரைப் பகைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தியவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

மூன்றாம் நாள் நானே ஒரு ஏற்பாடு செய்தேன். சமாதானத்துக்கு மீனை விடச் சிறந்த தூது எது? மார்க்கெட்டில் நல்ல பெரிய மீனாக ஒன்று வாங்கி, சேகர் கையில் கொடுத்து, “வா, கன்னியம்மா அம்பாரத்தைப் பாத்துட்டு, அப்படியே அவ வீட்ல குழம்பு வெச்சு சாப்பிட்டு வரலாம்” என்று உப்பளத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். வந்தான். பெல்ட்டில் கத்தியோடுதான் வந்தான். வழியெல்லாம் அந்தக் கத்தியின் பெருமைதான்.

கன்னியம்மா எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். மீனைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் மலர்ந்தாள். பையை வாங்கி, பாத்திக்கரையில் இருக்கிற கொட்டாயில் மாட்டிவிட்டு, எங்களை அம்பாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வெயிலில் கண் கூசியது. எங்கள் உயரத்தைவிட ஒரு ஆள் உயரம் கூடுதலாக நின்றது அந்த உப்பு.

“பாத்தியா அண்ணி? தேறாதுன்னாங்க. இப்ப வந்து பாக்கச் சொல்லு.”

“பேப்பர்ல எழுதறேன்” என்றேன்.

“போட்டோவோட எழுது.”

அப்போதுதான் காற்று நின்றது. உப்பளத்தில் காற்று நின்றால் மழை வரப்போகிறது என்று அர்த்தம். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். மேற்கே பிரம்மதேசத்துப் பக்கம் வானம் மைப்புட்டி கவிழ்ந்த மாதிரி கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழை!

ஊரில் எல்லாரும் மழைக்கு ஏங்குகிற மாதம். உப்பளக்காரர் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று கும்பிடுகிற மழை அது. மூடுவதற்குக் கீற்று மறுநாள் காலையில்தான் வருவதாக இருந்தது. கையில் இருந்தது ஒரே ஒரு நீலத் தார்ப்பாய். சுனாமி நிவாரணத்தில் கொடுத்தது. அதுவும் ஓரம் கிழிந்தது.

“பாத்தி போனா போவட்டும் அண்ணி, திரும்பக் காயும். அம்பாரம் போனா போனதுதான்!” என்று கத்திக்கொண்டே கன்னியம்மா தார்ப்பாயை இழுத்தாள். நான் ஒரு முனை, அவள் ஒரு முனை. அம்பாரத்தின் சரிவில் ஏறிப் படுத்தோம். காற்று வந்துவிட்டது. தார்ப்பாய் எங்களையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. பாதி அம்பாரத்துக்குத்தான் அது போதும். மீதிக்கு ஓலை வேண்டும். மேலே கனத்துக்கும் ஓலை வேண்டும். அடியில் முளை அடித்துக் கட்ட வேண்டும். பக்கத்து வரப்பில் ஆள் உயரப் பனங்கன்றுகள் வரிசையாக நின்றன. வெட்டினால் ஓலை. ஆனால் எங்கள் இரண்டு பேரில் யார் கையை விட்டாலும் தார்ப்பாய் போய்விடும்.

“விடுங்கக்கா, நான் இருக்கேன்!” என்றான் சேகர்.

உருவினான். அந்த நிமிஷத்தில் எனக்கே பெருமையாகத்தான் இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். ஓடிப்போய் ஒரு பனை மட்டையைப் பிடித்தான். “ஆ!” என்று கையை உதறினான். பனை மட்டைக்கு இரண்டு ஓரமும் கருக்கு உண்டு, ரம்பம் மாதிரி. ஓலைப் பக்கமாகப் பிடித்து வளைத்துக்கொண்டு, கத்தியின் பல் பக்கத்தால் அறுக்க ஆரம்பித்தான். நாலு இழுப்பு இழுத்தான். பல்லிடுக்கெல்லாம் நார் சிக்கி அடைத்துக்கொண்டது. மட்டை அப்படியே நின்றது.

“ஏம்பா, மட்டைக்கே பல்லு இருக்குது, அதப் பல்லால அறுத்தா எப்பிடி? வெட்டுப்பா!” என்று இங்கிருந்து கத்தினாள் கன்னியம்மா.

திருப்பிப் பிடித்து ஓங்கி ஒரு போடு போட்டான். டக் என்று ஒரு சத்தம்.

மட்டை உடையவில்லை. கத்தி கழன்றுவிட்டது. குழாய் மட்டும் சேகரின் கையில். அலகு பறந்துபோய்ப் பாத்தியில் விழுந்தது. மூடி திறந்து தீக்குச்சியும் தூண்டில் முள்ளும் ஊசி நூலும் சிதறின. காம்பஸ் தெறித்து எங்கேயோ திசை தெரியாத இடத்துக்குப் போய்விட்டது.

முதல் தூறல் என் கழுத்தில் விழுந்தது. கன்னியம்மாவைப் பார்த்தேன்.  தார்ப்பாயோடு சேர்த்து உப்பை அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அந்த மாதிரி அவளை நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் தலையைத் தூக்கிக் கொட்டாய்ப் பக்கம் பார்த்துக் கத்தினாள். “சேகரு! கொட்டாயில கொடுவா இருக்குது பாரு! எடுத்துனு ஓடியா!”

சேகர் பறந்தான். கொட்டாய்க்குள் நுழைந்தான். மின்னல் மாதிரி திரும்பி வந்தான்.

கையில் மீன் பை.

சத்தியமாகச் சொல்கிறேன். மழை அடிக்கிறது, அம்பாரம் கரையப்போகிறது, என் தம்பி மூச்சு வாங்க ஓடிவந்து எங்கள் முன்னால் மீனைத் தூக்கிக் காட்டுகிறான்!

அவன் மேல் முழுத் தப்பும் சொல்ல முடியாது. கடலோரத்தில் கொடுவா என்றால் மீன். நான் காலையில் வாங்கியதே கொடுவா மீன்தான். கன்னியம்மா மாதிரி ஆட்களுக்கு அதே கொடுவா வெட்டுக்கத்தியும்தான். கிளியனூரில் அதை அரிவாள் என்போம். ‘இவ்வளவு ஆபத்திலும் மீனைக் காப்பாற்றச் சொல்கிறாளே, எப்படிப்பட்ட பொம்பளை’ என்று ஓடும்போதே மலைத்துப்போனானாம். பிற்பாடு சொன்னான்.

“டேய், மீன வெச்சி ஓலை வெட்டுவாங்களாடா! கத்திடா! கொடுவாக் கத்தி!” என்று கத்தினேன் நான்.

திரும்ப ஓடினான். கூரையில் செருகியிருந்த கறுப்புக் கத்தியோடு வந்தான். வந்தவன் அவசரத்தில் கூர்ப் பக்கத்தை முன்னால் வைத்து அவளிடம் நீட்டினான்.

“கீழ வை!”

“அக்கா, இந்த நேரத்துலயா!”

“கீழ வைன்னு சொல்றேன் இல்ல!”

வரப்பில் குத்தி வைத்தான். கன்னியம்மா தன் முனையை அவன் கையில் திணித்துவிட்டுச் சறுக்கிக்கொண்டு இறங்கினாள். அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். உப்பும் மழையும் சேர்ந்து எண்ணெய் தடவின மாதிரி வழுக்கிக்கொண்டிருந்தது. சேகரின் கையும் அப்படித்தான். அந்தக் கத்தி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியிருந்தால், ஒரு விரலாவது உப்பில் விழுந்திருக்கும். சண்டை வரும் என்று முன்னோர்கள் சொல்லி வைத்ததற்கு என்ன அர்த்தமோ எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்த வழுக்கல்தான்.

அப்புறம் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கன்னியம்மா குனிந்து எடுத்தாள், பனங்கன்றுக்கிட்டே போனாள். சளக், சளக் என்று அடியோடு மட்டை விழுந்தது. விழுந்ததைக் கத்தி முனையின் கொக்கியால் இழுத்துத் தள்ளினாள், கையால் தொடவே இல்லை. கருக்குக் கிழிக்குமே! ஒரு மட்டையை நீளவாக்கில் பிளந்தாள், நார் உரித்தாள். கட்டுவதற்குக் கயிறு ரெடி. இன்னொரு மட்டையைச் சீவினாள், முளை ரெடி. கத்தியைத் திருப்பி மொட்டைப் பக்கத்தால் அடித்தாள், முளை இறங்கியது. தார்ப்பாயை அதில் இழுத்துக் கட்டியதும் எங்கள் கை விடுபட்டது. முனையால் அம்பாரத்தைச் சுற்றிக் கோடு கிழித்தாள், தண்ணீர் அதில் இறங்கி ஓடியது. சேகரும் நானும் ஓலையைப் போட்டுக்கொண்டே இருந்தோம். மழை வலுத்து அடிக்கும்போது, ஒரு ஓரம் தவிர அம்பாரம் முழுக்க ஓலைக்கு அடியில் இருந்தது.

ஒரே கத்தி. இத்தனை வேலை. இதற்கு யாராவது அட்டைப்பெட்டி போட்டு, அது செய்யும், இது செய்யும் என்று அச்சடித்தார்களா? அதே கத்திதான் காலையில் வேலிக்காத்தான் முள் வெட்டுகிறது, மத்தியானம் தேங்காய் உடைக்கிறது, சாயந்திரம் காலில் ஒட்டிய பாத்திச் சேற்றைச் சுரண்டுகிறது. அன்று ராத்திரி அந்தக் கொடுவா மீனை வெட்டியதும் அந்தக் கொடுவாதான்! வருஷத்துக்கு ஒருதரம் சரஸ்வதி பூஜையில் சந்தனம் குங்குமம் வைத்து அதைக் கும்பிடுகிறோம். உலகத்தில் எந்த சர்வைவல் கத்திக்காவது யாராவது பொட்டு வைத்திருக்கிறார்களா, சொல்லுங்கள்?

மழை விட்டதும் மூன்று பேரும் கொட்டாயில் ஒண்டி நின்றோம். கன்னியம்மா முதலில் கத்தியைத் துடைத்தாள், அப்புறம்தான் முகத்தைத் துடைத்தாள். உப்பளத்தில் இரும்பைத் துடைக்காமல் வைத்தால் துரு தின்றுவிடும். துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கூரையில் செருகினாள். பிறகு அம்பாரத்தைச் சுற்றி வந்தாள். ஒரு ஓரத்தில் கொஞ்சம் கரைந்திருந்தது. மற்றதெல்லாம் முழுசு.

“நின்னுச்சு அண்ணி” என்றாள். அவ்வளவுதான். எப்போதும் திரும்பத் திரும்பச் சொல்கிறவள் அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டதற்கு அன்றைக்குப் பட்ட மாதிரி பெருமை என்றைக்கும் பட்டதில்லை.

சேகரும் சும்மா இருக்கவில்லை. பாத்தியில் இறங்கித் தடவி அலகைத் தேடி எடுத்தான். இரண்டே நாளில் அதில் புள்ளி புள்ளியாகத் துரு பிடித்துவிட்டது. துருப்பிடிக்காத ஸ்டீல் என்றுதான் அட்டையில் போட்டிருந்தது. அட்டை எழுதியவன் மரக்காணம் வந்ததில்லை, என்ன செய்வது?

குழாய்க் கைப்பிடியையும் அதன் மூடியையும் தூக்கிப் போடப் போனான். கன்னியம்மாதான், “போடாதப்பா, கீழ வை” என்று தடுத்து எடுத்துக்கொண்டாள். கொட்டாயில் தீக்குச்சி எப்போதும் நமுத்துப்போகுமாம். இப்போது அதற்குள் போட்டு மூடி வைத்திருக்கிறாள். “டப்பா நல்ல டப்பாப்பா. சிங்கப்பூர்க்காரன் டப்பா செய்யறதுல கெட்டிக்காரன்” என்று யார் வந்தாலும் எடுத்துக் காட்டுகிறாள். சேகருக்கு அதில் ஒரு சந்தோஷம். தன் பரிசை ஒருவழியாக வாங்கிக்கொண்டாளே!

நேற்று அவன் கிளம்பினான். போவதற்கு முன்னால் மெதுவாக என்னிடம் வந்து, “அக்கா, அந்த மாதிரி கத்தி ஒண்ணு கிடைக்குமா? அங்க ரூம்ல தேங்கா உடைக்க” என்றான். நான் பதில் சொல்வதற்குள் வாசலில் கன்னியம்மா. பிரம்மதேசத்துக் கொல்லரிடம் சொல்லி ஏற்கெனவே ஒன்று அடித்து வைத்திருந்தாள். புதுசு. பழைய பேப்பரில் சுற்றி, எண்ணெய் தடவி.

சேகர் ஆவலோடு இரண்டு கையையும் நீட்டினான். கன்னியம்மா அவனைப் பார்த்தாள். கத்தியைத் தரையில் வைத்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

சிங்கப்பூர் நீட்டிய கையை இறக்கியது. பிறகு சிரித்துக்கொண்டே குனிந்து எடுத்துக்கொண்டது.

எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் கத்தியை நீட்டுவதில்லை... வேண்டுமென்றால் குனிய வேண்டும்!